முழங்காலுக்குள் உதிரும் சிமென்ட் தூள்

மாற்றிப் பொருத்திய முழங்கால் மூட்டில் கிருமித்தொற்று வேரூன்றிவிட்டால், பெரும்பாலும் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படும். முதலாவதில் உலோகம், பிளாஸ்டிக், பழைய சிமென்ட் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, கெட்டுப்போன திசுவை வெட்டிக் களைந்துவிட்டு, அந்த இடத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த எலும்பு சிமென்ட்டால் ஒரு தற்காலிக மூட்டைச் செய்து வைக்கிறார்கள். இதற்கு ஸ்பேசர் என்று பெயர். ஆறு வாரமோ பன்னிரண்டு வாரமோ கழித்து, கிருமி அடங்கிவிட்டது என்ற நம்பிக்கை வந்தபின், அதை எடுத்துவிட்டுப் புது மூட்டைப் பொருத்துகிறார்கள்.

அந்த இடைப்பட்ட வாரங்களில் நோயாளி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், கழிப்பறைக்குப் போய் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி காலை மடக்கி நீட்டுகிறார். ஒவ்வொரு அசைவிலும் சிமென்ட் சிமென்ட்டோடு உரசுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூள் மூட்டுக்குள் உதிர்கிறது. தொற்று தீர்ந்ததா, கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்த தூள் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று கேட்டவை மிகச் சில. முதல்முறை முழங்கால் மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ இந்தத் தொற்று வருகிறது. விகிதம் சிறியதுதான். ஆனால் உலகெங்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மூட்டுகள் மாற்றப்படும்போது, அந்த ஒன்றிரண்டு பேரே பெருங்கூட்டமாகிவிடுகிறார்கள். அந்தத் தூளைக் கணக்கில் எடுக்காமல் அவர்களுக்கான சிகிச்சையை முழுமையாக மதிப்பிட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

எலும்பு சிமென்ட்டுக்கும் கட்டடம் கட்டும் சிமென்ட்டுக்கும் உறவு கிடையாது. இது பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். கண்ணாடிக்குப் பதிலாக வைக்கும் பெர்ஸ்பெக்ஸ் தகடும் இதே வேதிப்பொருள்தான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்மூடி இதனால் ஆனது. குண்டு பட்டு மூடி சிதறியபோது அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தன. கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண்புரை நீக்கிய கண்ணில் அதே பிளாஸ்டிக்கால் ஆன லென்ஸை வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-இல் தொடங்கிய ஆரோலேப், இந்த லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்து கொடுத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கண்ணில் பல ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் தராமல் இருப்பது இதே பொருள்தான்.

இந்தப் பொருளை எலும்புக்குள் வழக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1958-இல் இடுப்பு மூட்டின் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் நிலைநிறுத்த அவர் இதைக் கையாண்டார். அவருடைய ஆரம்பகாலத் தோல்வி ஒன்றே நம் கேள்விக்கான முதல் பாடம். இடுப்புக் குழிக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். வழுக்கும் தன்மை உடையது, எதனோடும் வினைபுரியாதது, உடலுக்கு ஏற்றது என்று நம்பி ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளில் குழிகள் தேய்ந்து, உதிர்ந்த டெஃப்லான் தூளைச் சுற்றிக் கட்டிகள் திரண்டு, எலும்பு அரிக்கப்பட்டது. அந்தத் தூளையும் புதிதாகக் கிடைத்த பாலிஎத்திலீன் தூளையும் சார்ன்லி தன் தொடையின் தோலுக்கடியிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். சில மாதங்களில் டெஃப்லான் இருந்த இடம் கைக்குத் தட்டுப்படும் அளவுக்குத் திரண்டது. பாலிஎத்திலீன் இருந்த இடம் அப்படியே இருந்தது. இதை 1963-இல் லான்செட் இதழில் எழுதினார். கட்டியாக இருக்கும்போது உடல் பொருட்படுத்தாத ஒன்றை, தூளாக வந்தால் உடல் விட்டுவைக்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பாலிஎத்திலீனும் தப்பவில்லை என்பது பின்னால்தான் விளங்கியது. அது மிக நுண்ணிய தூளாகப் பல ஆண்டுகள் உதிர்ந்தால் எலும்பைக் கரைக்கும். ஆனால் அந்த உண்மைக்கு வந்துசேருமுன் பழி முதலில் சிமென்ட்மேல்தான் விழுந்தது. தளர்ந்துபோன இடுப்பு மூட்டுகளில் சிமென்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வு வளர்ந்திருந்தது. எலும்பைக் கரைக்கும் நொதிகளையும் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினையும் அந்தச் சவ்வே சுரக்கிறது என்று 1983-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1987-இல் ‘சிமென்ட் நோய்’ என்ற பெயரே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பிறகு, சிமென்ட் இல்லாமல் பொருத்திய மூட்டுகளிலும் அதே அரிப்பு தென்பட்டதும் குற்றவாளிப் பட்டம் பாலிஎத்திலீனுக்கு இடம் மாறியது. ஆய்வாளர்களின் கவனமும் பணமும் அதன் பின்னால் போயின. நல்ல பிளாஸ்டிக் பிறந்தது. மூட்டுகளின் ஆயுள் கூடியது. சிமென்ட் தூளைப் பற்றிய கேள்வி மட்டும் விடுவிக்கப்பட்ட கைதியைப்போலப் பார்வையிலிருந்து மறைந்துபோனது. அது குற்றமற்றது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

உடலுக்குள் நடப்பது இதுதான். திசுவில் அந்நியத் துகள் கிடந்தால் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் வந்து அதை விழுங்கும். பாக்டீரியா என்றால் உள்ளே நொதிகளால் கரைத்துவிடும். அக்ரிலிக்கைக் கரைக்கும் நொதி மனித உடலில் கிடையாது. ஒரு மைக்ரானைச் சுற்றியுள்ள அளவில் இருக்கும் துகள்களே இந்தச் செல்களை அதிகம் தூண்டுகின்றன. விழுங்க முடியாத பெரிய துகளைப் பல செல்கள் ஒன்றாகக் கூடி ராட்சதச் செல்லாகி வளைத்துக்கொள்ளும். விழுங்கியதைச் செரிக்க முடியாத செல், ‘கட்டி நெக்ரோசிஸ் காரணி’, இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சமிக்ஞைகளால் எலும்பை அரிக்கும் செல்கள் பெருகுகின்றன. இறந்த செல்லிலிருந்து வெளிப்படும் துகளை இன்னொரு செல் விழுங்கும். சுற்று மறுபடி தொடங்கும்.

ஸ்பேசர் இந்தக் கதைக்குள் வந்தது வேறு வழியாக. ஹாம்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் ஹான்ஸ்-வில்ஹெல்ம் புக்ஹோல்ட்ஸ், சிமென்ட்டில் ஜென்டமைசின் கலந்தால் அது மெல்ல மெல்லக் கசிந்து வெளிவரும் என்று 1970-இல் அறிவித்தார். உறைகையில் சிமென்ட் கொதிநிலையை எட்டிப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துகளே இதற்கு உதவும். 1983-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், தொற்றுள்ள முழங்காலில் மூட்டைக் கழற்றி ஆறு வாரம் மருந்து கொடுத்தபின் புது மூட்டு பொருத்தும் இரண்டு கட்ட முறையை வெளியிட்டார். நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் தசைகள் சுருங்கின, தழும்பு இறுகியது. 1980-களின் பிற்பகுதியில் அந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் கட்டியை வைக்கத் தொடங்கினார்கள். கட்டி அசையாது; காலும் மடங்காது. வாரக்கணக்கில் விறைத்துக் கிடந்த முழங்காலைப் பிறகு மடக்கவைப்பது பெரும்பாடு. கட்டி நகர்ந்து எலும்பைத் தின்றுவிட்ட சம்பவங்களும் உண்டு. அதனால் 1990-களில் அசையும் ஸ்பேசர்கள் வந்தன. அமெரிக்காவில் ஆரன் ஹாஃப்மன், கழற்றிய தொடைப்பகுதி உலோகத்தையே கிருமி நீக்கம் செய்து புது பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தற்காலிகமாக வைத்தார். வேறு பலர் அச்சில் வார்த்து, தொடைப்பக்கம் ஒன்று, கீழ்க்காலின் பக்கம் ஒன்று என முழுக்க சிமென்ட்டாலேயே மூட்டு செய்தார்கள். செலவு குறைவு, மருந்து கசியும் பரப்பு அதிகம். இந்தச் சிமென்ட் மூட்டுதான் தூள் பிரச்சினையின் மையம்.

நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு சுமை இறங்குகிறது. நிரந்தரமாகப் பொருத்தும் மூட்டில் சிமென்ட்டின் வேலை ஒட்டிப்பிடிப்பது மட்டுமே. உரசும் வேலையை மெருகேற்றிய உலோகமும் பாலிஎத்திலீனும் பார்த்துக்கொள்ளும். ஸ்பேசரில் அந்த வேலையும் சிமென்ட்டின் தலையில் விழுகிறது. அறுவை மேசையில் பத்து நிமிடத்துக்குள் கையால் குழைத்து அச்சில் ஊற்றி எடுத்த மேற்பரப்பு அது. புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் அரைத்ததைக் கல்தூள் இருக்கும் என்று கொட்டிவிடுவார்கள். இங்கே கொட்டிவிட வழியில்லை. ஒரு காலால் நாளைக்கு ஆயிரம் அடி மட்டுமே வைத்தாலும் எட்டு வாரத்தில் ஐம்பத்தாறாயிரம் உரசல்.

இதில் ஒரு முரண்பாடு பொதிந்திருக்கிறது. மூட்டை ஒட்டப் பயன்படும் வழக்கமான மருந்துச் சிமென்ட்டில் 40 கிராம் தூளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம்வரை நுண்ணுயிர்க்கொல்லி இருக்கும். ஸ்பேசருக்கு அது போதாது. இரண்டு கிராமுக்கு மேல், பல இடங்களில் அதைவிடப் பல மடங்கு, வான்கோமைசினும் ஜென்டமைசினும் டோப்ராமைசினும் சேர்க்கிறார்கள். மருந்து சிமென்ட்டின் ஆழத்திலிருந்து வருவதில்லை. மேற்பரப்பிலிருந்தும் அதோடு இணைந்த நுண்துளைகள் வழியாகவும்தான் வருகிறது. பெரும்பங்கு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே துளைகள் நிறைந்த சிமென்ட்டே கிருமிக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். நிரந்தர மூட்டுக்கு வெற்றிடக் கலவை முறையில் காற்றை நீக்கிக் குழைக்கும் மருத்துவர், ஸ்பேசருக்கு வேண்டுமென்றே கையால் குழைப்பது இதனால்தான். ஆனால் துளையுள்ள சிமென்ட் பலவீனமானது. துளையின் விளிம்பில் விரிசல் பிறக்கும். சுமையில் சில்லு பெயரும். சர்வதேசத் தரநிலை எலும்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 70 மெகாபாஸ்கல் அழுத்த வலிமை கேட்கிறது. மருந்தை அள்ளிக் கொட்டிக் குழைத்த சிமென்ட் அந்த வரம்பைத் தாண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மருந்தாக நல்லது எதுவோ அதுவே மூட்டாகக் கெட்டது.

தூளில் இருப்பது அக்ரிலிக் மட்டுமல்ல. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிவதற்காகப் பேரியம் சல்ஃபேட்டையோ சிர்கோனியம் டைஆக்சைடையோ பத்து பதினைந்து விழுக்காடு சேர்க்கிறார்கள். முன்னது, வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கூழில் உள்ள அதே பேரியம். பின்னது, பல் உறை செய்யும் சிர்கோனியா. இவை பிளாஸ்டிக்கோடு வேதிமுறையில் பிணைவதில்லை. அதற்குள் புதைந்து கிடக்கின்றன. சுற்றியுள்ள அக்ரிலிக் தேய்ந்தால் தனியே வெளிவந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் சோதித்தார்கள். வெறும் அக்ரிலிக் தூளைவிட இந்தக் கனிமம் சேர்ந்த தூள், விழுங்கு செல்களிலிருந்து எலும்பரிக்கும் செல்கள் உருவாவதை அதிகம் தூண்டியது. இரண்டில் பேரியம் சல்ஃபேட்டே மோசமாக நடந்துகொண்டது. அப்படியானால் சிர்கோனியத்தைத் தேர்ந்தெடுத்தால் போதுமே என்று தோன்றும். அதன் சிக்கல் வேறு: அது மூட்டின் உலோகமான கோபால்ட்-குரோமியத்தைவிடக் கடினமானது. அதைக் கீறக்கூடியது.

திசுவில் இந்தத் தூளைக் கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலை. நோய்க்கூறியல் ஆய்வகத்தில் திசுவை மெழுகில் பதித்துச் சீவி ஸ்லைடாக்கும்போது சைலீன் போன்ற கரைப்பான்களில் நனைக்கிறார்கள். அக்ரிலிக் அதில் கரைந்து போய்விடும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அது இருந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். அதைச் சுற்றி ராட்சதச் செல்கள் வளைந்து நிற்கும். கரையாமல் மிஞ்சுவது பேரியம் அல்லது சிர்கோனியத் துணுக்குகள். பழக்கமில்லாதவர் ஓட்டைகளைக் கொழுப்பு என்று எண்ணிக் கடந்துவிடலாம். சிமென்ட் தூள் பற்றிய தரவுகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தேடப்படும் சான்றையே தேடும் முறை அழித்துவிடுகிறது.

சிர்கோனியம் உடலில் இயல்பாகக் கணிசமாக இருக்கும் தனிமம் அல்ல என்பதால் அது நல்ல தடயமாகிறது. ஜெர்மனியில் பெர்ன்ட் ஃபிங்க் குழுவினர் இந்த வழியில் போனார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இடுப்பிலும் முழங்காலிலும் வைத்த அசையும் ஸ்பேசர்கள் உடலுக்குள் இருக்கையில் தேய்கின்றன, அந்தத் தேய்மானம் மூட்டுச் சவ்வில் படிகிறது என்று காட்டியது. 2016-இல் மக்டபர்க் ஆய்வாளர்கள் இன்னொரு படி போய், அசையும் சிமென்ட் ஸ்பேசர் மூட்டுச் சவ்வின் நோயெதிர்ப்புப் போக்கையே மாற்றக்கூடும் என்றார்கள். தூள் உதிர்கிறதா என்ற கேள்விக்கு இனி விவாதமில்லை. உதிர்கிறது.

தொற்றுள்ள மூட்டு என்பதால் இதன் பொருள் இன்னும் கனமாகிறது. மூட்டில் ஒளிந்திருக்கும் மிச்சசொச்சக் கிருமியைத் தேடிப் பிடிக்க வேண்டிய அதே விழுங்கு செல்கள்தான் செரிக்க முடியாத தூளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பேசரிலிருந்து மருந்து முதல் சில நாட்களில் வெள்ளமாக வந்து, பிறகு சொட்டாக வடிகிறது. மருந்து வற்றிய சிமென்ட், கிருமி ஒட்டிக்கொள்ள வசதியான இன்னொரு அந்நியப் பரப்பு. கழற்றிய ஸ்பேசரை ஒலியலையால் அதிரவைத்துச் சோதித்தபோது அதில் உயிருள்ள பாக்டீரியா கிடைத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

இரண்டாம் அறுவைக்கு நேரம் வந்துவிட்டதா என்று முடிவெடுப்பதும் தூளால் சிக்கலாகிறது. ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் சற்று உயர்ந்திருந்தால் அது கிருமியாலா, தூளாலா? திசுவைப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். தொற்று என்றால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். தூள் என்றால் மேக்ரோஃபேஜ்களும் ராட்சதச் செல்களும் நிறைந்திருக்கும். ஜெர்மன் நோய்க்கூறியலாளர்கள் வகுத்த நான்கு வகைப் பாகுபாட்டில் முதல் வகை தூளால் வரும் சவ்வு, இரண்டாவது தொற்றால் வருவது, மூன்றாவது இரண்டும் கலந்தது, நான்காவது எதிலும் சேராதது. ஸ்பேசர் வைத்த முழங்காலிலிருந்து எடுத்த திசுவைப் படிப்பவர் மூன்றாவது வகையை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு புது மூட்டு வருகிறது. கழுவியும் போகாமல் சவ்வின் மடிப்புகளிலும் முழங்காலின் பின்பக்கப் பைகளிலும் தங்கிவிட்ட தூள், புது உலோகத்துக்கும் புது பிளாஸ்டிக்குக்கும் நடுவே மூன்றாவது பொருளாகப் புகுந்துகொள்கிறது. மென்மையான பாலிஎத்திலீனில் பதிந்து நிற்கும் சிர்கோனியத் துணுக்கு எதிரே உருளும் கோபால்ட்-குரோமியத்தைக் கீறும். அந்தக் கீறலின் உயர்ந்த விளிம்பு பாலிஎத்திலீனைச் சீவும். அதிலிருந்து வரும் தூள் எலும்பை அரிக்கும். தற்காலிக மூட்டு விட்டுச்சென்ற சில மில்லிகிராம் தூள், நிரந்தர மூட்டின் ஆயுளில் கைவைப்பது இப்படித்தான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு கட்டச் சிகிச்சைக்குப் பிறகு தோற்றுப்போகும் முழங்கால்களில் பெரும்பாலானவை மறுபடி தொற்று வந்து தோற்பவை. அசையும் ஸ்பேசரால் தொற்று தீர்வது குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்லவில்லை. காலை மடக்கும் திறன் அதில் மேலாக இருக்கிறது, இரண்டாம் அறுவையும் எளிதாகிறது. எனவே அசையாத கட்டிக்கே திரும்பிப் போக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. விறைத்த காலோடு மூன்று மாதம் கிடப்பது முதியவருக்குச் சிறிய தண்டனை அல்ல. உயிருக்கே ஆபத்தான தொற்றோடு போராடும் மருத்துவர் முதலில் கிருமியைப் பார்ப்பது சரியே.

என் கவலை வேறு. தற்காலிகம் என்று வைத்த ஸ்பேசர் பலருக்கு நீண்டுவிடுகிறது. இதயமோ சிறுநீரகமோ ஒத்துழைக்காததால் இரண்டாம் அறுவை தள்ளிப்போகிறது. சிலருக்கு அது நடப்பதே இல்லை. வலி இல்லை, நடக்க முடிகிறது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடும் போக்கும் வளர்ந்துவருகிறது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்துச் செய்த ஸ்பேசருக்கு இந்த முடிவு பொருந்தலாம். சிமென்ட்டோடு சிமென்ட் உரசும் ஸ்பேசருக்குப் பொருந்தாது. எட்டு வாரத்துக்கென்று குழைத்த பொருளை எட்டு மாதம் நடக்கவைத்தால் தூளின் அளவு வேறாகிவிடும், எலும்பின் கணக்கும் வேறாகிவிடும். நீண்ட காலம் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே தெரிந்த நோயாளிக்கு உலோகமும் பாலிஎத்திலீனும் உரசும் வகையைத் தேர்ந்தெடுப்பதே பொறுப்பான செயல். ஸ்பேசரே தேவைப்படாத வழியும் உண்டு. புக்ஹோல்ட்ஸின் ஹாம்பர்க் மரபு தொடக்கம் முதலே ஒரே அறுவையில் பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தும் வழியை ஆதரித்துவந்தது. இடுப்பு மூட்டில் ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்ற இரு முறைகளையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு, நோயாளிகள் உணரும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2022-இல் அறிவித்தது. தகுந்த நோயாளிக்கு அந்த வழியில் போனால் ஸ்பேசரும் இல்லை, அதன் தூளும் இல்லை.

இரண்டு கட்டமே தேவை என்றால், இரண்டாம் அறுவையில் எவ்வளவு துப்புரவு செய்கிறோம் என்பது தீர்மானகரமானது. ஸ்பேசரைக் கழற்றிக் கொஞ்சம் உப்புநீர் ஊற்றிக் கழுவினால் போதாது. தூள் நீரில் மிதக்கவில்லை, சவ்வுக்குள் விழுங்கப்பட்டுக் கிடக்கிறது. மூட்டுச் சவ்வை முழுமையாக உரித்தெடுத்து, பின்பக்கப் பையையும் துழாவி, முதல் அறுவையில் காட்டிய அதே கண்டிப்போடு களைய வேண்டும். ஸ்பேசரைச் செய்யும்போதே உரசும் பரப்புகளை மட்டுமாவது வழுவழுப்பாக்கி, நடுப்பகுதியில் துளைகளை விட்டுவைப்பது கைப்பழக்கமுள்ள எந்த அறுவை மருத்துவராலும் முடியக்கூடியது. நோயாளியிடம், இந்தக் கால் நடப்பதற்குத்தான், சுமப்பதற்கல்ல என்று தெளிவாகச் சொல்லி, வாக்கரையோ கைத்தடியையோ விடாமல் பயன்படுத்த வைக்க வேண்டும்.

மூட்டு மாற்று மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஸ்பேசருக்கும் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: எந்த வகை, எந்தக் கனிமம் கலந்த சிமென்ட், எவ்வளவு மருந்து, உடலில் எத்தனை நாள் இருந்தது. இரண்டாம் அறுவையில் எடுத்த சவ்வை, தொற்றை மட்டும் அல்லாமல் தூளையும் தேடச் சொல்லி நோய்க்கூறியலாளருக்கு அனுப்புங்கள். ஸ்பேசரோடு வீட்டில் இருக்கும் நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், வலி இல்லை என்பதற்காக அடுத்த அறுவைக்கான தேதியைக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம்.